மடியில் ஒரு ஜாடி நார்த்தங்காய்

தம்பி, அந்தக் காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்குங்க. ஜாடி இருக்கு. பீங்கான். மேலே தூக்கிப் போடுங்கன்னு கண்டக்டர் சொன்னார். மேலேயிருந்து யார் தலையில் விழுந்தாலும் அவர் பொறுப்பு ஏத்துக்குவாரா? அதான் மடியிலேயே வச்சுக்கிட்டேன். வேணும்னா இதுக்கும் ஒரு டிக்கெட் போடுங்கன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டார்.

நீங்க ஜன்னல் பக்கமே இருங்க. முகம் ஒரு மாதிரியா வெளுத்திருக்கே, பஸ் ஒத்துக்காதா? சிலருக்கு அப்படித்தான். டீசல் வாடை. எங்கே, மன்னார்குடியா? நானும் அங்கேதான். இன்னும் செம்போடையே வரலை. யாராவது பேச்சுக் கொடுத்துக்கிட்டே வந்தால் வயித்துப் பிரட்டல் தெரியாது. நான் பேசுறேன். நீங்க வாயைத் திறக்க வேண்டாம். திறந்தால்தான் ஆபத்து.

ஜாடியில் என்னன்னு பாக்குறீங்க. உப்பு நார்த்தங்காய். காயைச் சுருள் சுருளா நறுக்கி, பிரிஞ்சு போகாமல், இடுக்கெல்லாம் உப்பை அடைச்சு, ஊற வச்சு, வெயிலில் வச்சு, மறுபடி ஊற வச்சு, மறுபடி வெயிலில் வச்சு, கடைசியில் கறுத்துச் சுருங்கி ஆட்டுக்குட்டி காது மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் அதுக்குச் சாவே கிடையாது. வாந்திக்கு இதைவிட மருந்து கிடையாது. ஒரு துணுக்கு நாக்கில் வச்சால் போதும், வயிறு அப்படியே அடங்கிடும்.

எலுமிச்சம்பழம் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா? இல்லையா. கொண்டு வரணும் தம்பி. வெளியே கிளம்பினால் முன்னேற்பாடு வேணும்.

எனக்கு வேதாரண்யம். உப்பளத்தில் மேஸ்திரி. பேர் தெட்சணாமூர்த்தி. எங்க ஊரில் என் பேரைச் சொன்னால் தெரியாது, ‘உள்ளு வச்சிருக்கிறவர்’னு சொன்னால் தெரியும். உள்ளுன்னா சாமான் வைக்கிற அறை. எங்க வீட்டில் அது பின்பக்கம் இருக்கு. அதுக்குள்ளே வரிசையா ஜாடி, டின், பானை. கொத்தவரை வத்தல், சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி, மோர் மிளகாய், நெத்திலிக் கருவாடு, உப்புப் போட்டு இடிச்ச புளி. எல்லாம் நானே போட்டது. சம்சாரம் வனரோஜா நறுக்குவாள், கழுவுவாள், மாடிக்குத் தூக்கிக்கிட்டுப் போவாள், காக்கா விரட்டுவாள், சாயங்காலம் எடுத்து வைப்பாள். மத்தது எல்லாம் நான்தான்.

எதுக்குன்னு கேட்டால், கெட்ட நாளுக்கு. நாங்க கடலை ஒட்டி இருக்கிற ஜனம். என்னிக்கு எது வரும்னு சொல்ல முடியாது. கடை இருக்காது, கரண்டு இருக்காது, ரோடு இருக்காது. அன்னிக்கு நாம் யார் வாசலிலும் போய் நிக்கக் கூடாது. அதுதான் என் கொள்கை. அதனால் நான் சம்சாரத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி வச்சிருக்கேன். உள்ளில் இருக்கிறது அந்த நாளுக்கு. மத்த நாளுக்கு இல்லை.

மத்த நாளுக்கு ஊறுகாய் கடையில் பாக்கெட் வாங்குவோம். பிளாஸ்டிக் பாக்கெட். அவ்வளவா நல்லா இருக்காது.

கல்யாணம் ஆன புதுசில் ஒரு தடவை வனரோஜாவுடைய அண்ணன் வந்திருந்தார். கோவிந்தராசுன்னு பேர், மன்னார்குடியில் அரிசி மண்டி. அண்ணன் வந்திருக்காரேன்னு இவள் உள்ளிலிருந்து ரெண்டு மோர் மிளகாய் எடுத்து வறுத்துப் போட்டுவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லலை. கையை ஓங்கலை. ஒரு மாசம் அவள் கையால் சாப்பிடலை, அவ்வளவுதான். நான் கோபக்காரன் கிடையாது. அதுக்கப்புறம் உள்ளுச் சாவியை என் அரைஞாண் கயித்தில் கோத்துக்கிட்டேன். இப்பவும் இங்கேதான் இருக்கு.

என்ன, வருதா? தலையை வெளியே நீட்டாதீங்க, லாரி வருது. மூச்சை இழுத்து விடுங்க. ஆங். அப்படி.

போன கார்த்திகையில் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கா? உங்க பக்கம் மழை மட்டும்தான் இருந்திருக்கும். எங்க பக்கம் விடிஞ்சு பார்த்தால் ஊர் இல்லை. மாமரம் எல்லாம் வேரோடு படுத்துக் கிடக்கு. தென்னை எல்லாம் தலையில்லாமல் நிக்குது. பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமிக்கு வீடே இல்லை, வாசல்படி மட்டும் இருக்கு. அவன் அதில் உட்கார்ந்து பல் விளக்கிக்கிட்டு இருந்தான். எனக்கு உள்ளின் மேலே மட்டும் ஓடு பறந்து போயிருந்தது. ஓடிப் போய் பார்த்தேன். ஜாடி ஒண்ணுகூட அசையலை.

வனரோஜா என்ன சொன்னாள் தெரியுமா? “என்னங்க, சாவியைக் கொடுங்க. வந்துடுச்சுல்ல அந்த நாளு” என்றாள்.

நான் சொன்னேன், பொறு. அவசரப்படாதே. வந்திருக்கிறது ஒரு புயல்தான். ரேடியோவில் என்ன சொல்லுறான்? அந்தமான் பக்கம் இன்னொண்ணு உருவாகுதுங்கிறான். இதுக்கே எல்லாத்தையும் எடுத்துத் தின்னுட்டால், அது வந்தால் என்ன பண்ணுவே?

பக்கிரிசாமியும் கேட்டான். “தெட்சணாமூர்த்தியண்ணே, புள்ளைங்க ரெண்டு நாளா வெறும் கஞ்சியாக் குடிக்குதுங்க. ஒரு நார்த்தங்காய் கிடைக்குமா?”

“பக்கிரி, இது முன்னோட்டம். இன்னும் படமே வரலை” என்றேன்.

அவன், “சரிண்ணே, படம் வந்தா சொல்லுங்க” என்று போய்விட்டான். நல்ல பையன். எதையும் மனசில் வச்சுக்க மாட்டான்.

அந்தமானில் உருவானது ஒரிசா பக்கம் போய்விட்டது. ஆனால் அதுக்குப் பின்னாலேயே இன்னொண்ணு இருந்தது. அது எப்பவும் அப்படித்தான் தம்பி, வானிலை கேட்டுப் பாருங்க, ஒண்ணு போனால் ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கும். எதை நம்பித் திறக்கிறது?

அதனால் நாங்களும் தட்டை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அங்கே முகாம் போட்டிருந்தாங்க. அரிசி பருப்பு மேலேயிருந்து வந்தது, பொம்பளைங்க சேர்ந்து ஆக்கினாங்க. யார் வாசலிலும் போய் நிக்கக் கூடாதுன்னு சொன்னேனே, பள்ளிக்கூடம் யார் வாசலும் இல்லை, பொது வாசல். அதனால் வரிசையில் நின்னேன்.

முதலில் கஞ்சி, உப்பு, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் கஞ்சியோடு நார்த்தங்காய் போட்டாங்க.

நான் வாயில் வச்சதும் அசந்து போய்விட்டேன். பதமான பதம். உப்பு உள்ளே இறங்கி, கசப்பு மட்டும் நுனியில் நிக்குது. “வனரோஜா, இதைப் போட்டவன் தொழில் தெரிஞ்சவன். கிட்டத்தட்ட நம்ம பதம்தான். உப்பு மட்டும் அரைப் பிடி கூட” என்றேன். அவள் தலை நிமிராமல் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். “யாரு கொடுத்ததாம்?” என்றேன். “யாரோ” என்றாள்.

இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன். பக்கிரிசாமிதான் பரிமாறினான். “போட்டுக்குங்கண்ணே, உங்களுக்கு இல்லாததா” என்று ரெண்டு துண்டாகப் போட்டான்.

அதுக்கப்புறம் வரிசையா வந்தது. ஒரு நாள் சுண்டைக்காய் வத்தல் குழம்பு. ஒரு நாள் மோர் மிளகாய். மிளகாய் நுனியில் கோணி ஊசியால் ஒரு பொத்தல் போட்டிருந்தது, மோர் உள்ளே போறதுக்கு. நானும் அப்படித்தான் போடுவேன். நம்ம ஊரிலேயே நம்மளை மாதிரி இன்னொருத்தன் இருக்கான் பாருன்னு எனக்கு ஒரு சந்தோஷம். அதே நேரத்தில் ஒரு ஆதங்கமும் இருந்தது. அதைப் பந்தியிலேயே சொல்லிவிட்டேன். எனக்கு மனசில் வச்சுக்கத் தெரியாது.

“கொடுத்தவங்க நல்லா இருக்கட்டும். ஆனா முட்டாள். அடுத்த புயலுக்கு என்ன செய்வாங்க? என் பொண்டாட்டி மட்டும் இப்படி எடுத்து ஊருக்குக் கொடுத்திருந்தா, அன்னிக்கே அவ அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏத்திவிட்டிருப்பேன்” என்றேன்.

அப்புறம் பக்கிரிசாமி சம்சாரம் பாக்கியம் இருக்கே, அது வாயைப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சது. அது பின்னாலேயே எல்லாரும் சிரிச்சாங்க. அந்த முட்டாளை நினைச்சுத்தான் சிரிச்சிருப்பாங்க. வனரோஜா மட்டும் சிரிக்கலை. அவளுக்கு என்னிக்குமே நகைச்சுவை கொஞ்சம் மட்டு.

கரியாப்பட்டினம் வந்திடுச்சு. தண்ணி குடிக்கிறீங்களா? ஒரு வாய்தான் குடிக்கணும். அதிகம் குடிச்சால் அதுவும் வெளியே வந்திடும்.

அந்த நாளில் உள்ளின் மேலே அரசாங்கம் கொடுத்த தார்ப்பாயைக் கட்டி வச்சிருந்தேன். வனரோஜா சாயங்காலமானால், “போய் விளக்கு ஏத்திட்டு வரேன், தார்ப்பாய் பறக்குதான்னும் பாத்துட்டு வரேன்” என்று பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். பொறுப்பு வந்துவிட்டதுன்னு நினைச்சுக்கிட்டேன். பக்கிரிசாமி ஏணி எந்நேரமும் எங்க வீட்டுப் பின்சுவத்தில்தான் சாத்தியிருக்கும். பாவம், அவனுக்குச் சாத்தி வைக்கச் சுவர் ஏது? நான் எதுவும் சொல்லலை. வச்சுக்கட்டும்.

பாக்கியம் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கி சுண்ணாம்புக் காளவாய்க்குப் போடுகிறவள். கரண்டு வந்து ஊர் ஒரு நிலைக்கு வந்த சமயம், வனரோஜாவும் அவளோடு கிளிஞ்சல் பொறுக்கப் போக ஆரம்பித்தாள். “உனக்கு எதுக்குடி கிளிஞ்சல்?” என்றேன். “மனசு ஒரு மாதிரியா இருக்கு, காத்தாட நடக்குறேன்” என்றாள். அளத்துக்கும் வந்து என்கிட்டேயே உப்பு கேட்டாள். “பாக்கியத்துக்குக் கருவாடு போட” என்றாள். எவ்வளவு வேணும்னேன். மூட்டைக் கணக்கில் சொன்னாள். உப்பு நமக்கு ஒரு பொருளா? வண்டியிலேயே ஏத்தி அனுப்பினேன்.

அப்புறம் ஓடு மாத்தினோம். நான் சாவி போட்டு உள்ளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கு. ஜாடியைத் தட்டிப் பார்த்தேன். கிண்ணுன்னு சத்தம் வந்தால் உள்ளே பொக்கை. இது கும்முன்னு வந்தது. தூக்கிப் பார்த்தேன், முன்னைவிடக் கனம். பழைய நார்த்தங்காய் அப்படித்தான், ஆக ஆகக் கனம் கூடும். வத்தல் டின்னை அசைச்சேன். கலகலன்னு சத்தம். சுக்காகக் காய்ஞ்ச வத்தல்தான் அப்படிக் கலகலக்கும். எனக்குக் கண்ணில் தண்ணியே வந்திடுச்சு. “பாத்தியா வனரோஜா, அவ்வளவு பெரிய புயலு, ஒரு காய் குறையலை” என்றேன். அவள் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாள்.

இப்ப பிரச்சினை என்னன்னு சொல்லுறேன்.

எங்க பொண்ணு சுடர்க்கொடியை அவள் மாமன் மகனுக்கே, அதான் கோவிந்தராசு மச்சான் பையனுக்கே, கொடுத்திருக்கோம். இப்ப முழுகாமல் இருக்கு. எதைத் தின்னாலும் வெளியே வந்திடுது. தண்ணிகூட நிக்கலையாம். ஒரு நாள் போன் பண்ணி, “அப்பா, நம்ம உள்ளுல இருக்குற நார்த்தங்காய்ல ஒண்ணே ஒண்ணு கொடுத்துவிடுங்கப்பா. அது நாக்குல பட்டாத்தான் எனக்குச் சரியாவும்னு தோணுது” என்று அழுதது.

நான் தகப்பன்தானே. யோசித்தேன். ஆனால் யோசிக்கிறதுக்குள்ளே வனரோஜா போனைப் பிடுங்கி, “அதெல்லாம் வேண்டாம்டி. அது ஆபத்துக்கு வச்சிருக்கு. கடையில வாங்கிக்க” என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியலை. இத்தனை வருஷமா என்னோடு இந்த உள்ளுக்காகச் சண்டை போட்டவள், அன்னிக்குத்தான் என் வழிக்கு வந்தாள். பெத்த பொண்ணு கேட்டும் எடுக்க விடலை. நான் நெகிழ்ந்து போய்விட்டேன் தம்பி. இவளே இவ்வளவு தூரம் மாறியிருக்கும்போது நாம் கொஞ்சம் இறங்கி வந்தால் என்ன? “வனரோஜா, பரவாயில்லை. நானே ஒரு ஜாடியை எடுத்துக்கிட்டு வரேன், ரெண்டு பேரும் போவோம்” என்றேன்.

அவள் முகம், இப்ப உங்க முகம் இருக்கு பாருங்க, இப்படி ஆயிடுச்சு.

“நீங்க வரவேண்டாம். ஜாடியும் வேண்டாம். நான் போய் பாத்துக்குறேன்” என்று அன்னிக்கே பஸ் ஏறிவிட்டாள். போனவள் வரலை. ஆடியில் போனாள், புரட்டாசி பிறந்தாச்சு. நான் போன் பண்ணினால், “பொண்ணுக்கு முடியலை” என்கிறாள். ஜாடியோடு வரேன்னு சொன்னால் போனை வச்சுவிடுகிறாள். மச்சான் பேசினார். “மாப்ளே, அவ இங்கயே இருக்கட்டும். உங்க வீட்டுக்கு வரவே பயப்படுறா” என்றார். பயமா? என்கிட்டயா? நான் கை ஓங்கினது உண்டா? கேட்டேன். “கையை ஓங்கலை மாப்ளே” என்றார்.

வீடு வீடாக இல்லை தம்பி. நான் பாக்கெட் ஊறுகாயைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு, உள்ளுக் கதவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அதான் இன்னிக்கு யாருக்கும் சொல்லாமல் இருக்கிறதிலேயே பெரிய ஜாடியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிவிட்டேன். அவள் கையில் கொடுத்து, நீயே திற, நீயே உன் பொண்ணுக்குக் கொடு, அப்புறம் வீட்டுக்கு வான்னு சொல்லப் போறேன். சாவியையும் கொடுத்துடலாம்னு இருக்கேன். இதுக்கு மேலே ஒரு மனுஷன் என்ன இறங்க முடியும்?

ஐயையோ. வெளியே, வெளியே. அந்தப் பக்கம். பரவாயில்லை, பரவாயில்லை. என் சட்டையில் படலை. கொஞ்சம்தான் பட்டது.

இப்படியா வரும்? குடல் வெளியே வந்திடும் போல இருக்கே. சுடரும் இப்படித்தான் இருக்குமோ? காலையிலேயிருந்து ராத்திரி வரைக்கும்? நான் பார்த்ததில்லை. போனில் அழுகை மட்டும்தான் கேட்டேன்.

சரி. நில்லுங்க. எப்படியும் அங்கே போய்த் திறக்கப் போறதுதான். அதிலேயிருந்து ஒரு துணுக்கு. பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் தின்னு பார்க்கிறதும் நல்லதுதானே. கெட்டுப் போயிருக்காது, இருந்தாலும் ஒரு முன்னேற்பாடு. இந்த ஜாடியைக் கொஞ்சம் அணைச்சுப் பிடிங்க.

இது என்ன முடிச்சு.

நான் ஜாடி வாயில் துணியைச் சணலால் கட்டி ரெட்டை முடிச்சுப் போடுவேன். இது வாழைநார். மல்லிகைப்பூ தொடுக்கிறவங்க போடுற முடிச்சு. எங்க ஊரில் பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். வனரோஜா ரொம்ப வேகமாத் தொடுப்பாள்.

புயலில் அவிழ்ந்திருக்கும். அவள் கட்டி வச்சிருப்பாள்.

மேலே உப்பு இருக்கு. மேலே உப்பு இருக்கிறது வழக்கம்தான். ஈரம் வாங்காமல் இருக்க ஒரு பிடி தூவுவோம். கையை உள்ளே விடுறேன். இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும். உப்பு. பஸ் குலுக்கலில் காயெல்லாம் அடியில் போயிருக்கும். பிடிங்க, நல்லாப் பிடிங்க. முழங்கை வரைக்கும் உப்பு.

அடி தட்டுது.

நல்ல உப்பு தம்பி. நம்ம அளத்து உப்புதான். பாருங்க, எவ்வளவு பளிச்சுன்னு, கல்லு கல்லா. நான்தான் வண்டியில் ஏத்தி அனுப்பினேன்.

…

இல்லை, நான் நல்லாத்தான் இருக்கேன். சும்மா யோசிக்கிறேன். அப்ப அந்த டின்னில் கலகலன்னு சத்தம் வந்தது கிளிஞ்சலா இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் நான் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னேன் தம்பி. உப்பு அரைப் பிடி கூடன்னு வேறே சொன்னேன். பக்கிரிசாமி, உங்களுக்கு இல்லாததாங்கிறான். பந்தி பூரா சிரிக்குது. அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏத்திவிட்டிருப்பேன்னு சொன்னேன் பாருங்க, அதை எல்லாரும் மறந்திருப்பாங்க. அவள் மறக்கலை. நான் ஏத்திவிடுறதுக்குள்ளே அவளே ஏறிப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் இருந்தோம்? முன்னூறு பேர் இருக்கும். பக்கிரிசாமி புள்ளைங்க தட்டை நக்கும். நல்லாத்தான் இருந்தது, அதை நான் அன்னிக்கே சொன்னேன். தொழில் தெரிஞ்சவன் போட்டதுன்னு. அது பொய்யில்லை.

அந்த நாருக்குக் கொஞ்சம் விரல் கொடுங்க. இல்லை, அப்படி இல்லை. அவள் போட்ட மாதிரியே வரணும். பூ முடிச்சு எனக்கு வராது. நீங்க போடுவீங்களா? அட, அம்மா பூக்கட்டுறவங்களா? நல்லதாப் போச்சு. அதான். அப்படியே இறுக்குங்க.

இல்லை. அவிழ்த்துடுங்க. கட்ட வேண்டாம்.

இப்படிப் பண்ணுவோம். அவள்கிட்ட நான் இதைத் திறந்தேன், உப்பு இருந்ததுன்னு சொன்னால், பாவம், பதில் சொல்லணும். இத்தனை மாசமா அந்தப் பதிலுக்குப் பயந்துக்கிட்டுத்தான் இருக்காள். அதனால், வழியில் பஸ்ஸில் ஒரு தம்பிக்கு வாந்தி, அதுக்குக் கொடுக்கத் திறந்தேன், பின் சீட்டுக்காரங்களும் கேட்டாங்க, ஆளுக்கு ஒண்ணாக் கொடுத்து ஜாடியே காலியாயிடுச்சுன்னு சொல்லிடுறேன். இவ்வளவு பெரிய ஜாடியா, ஒரே பஸ்ஸிலயான்னு கேட்பாள். கூட்டம்னு சொல்லிக்கலாம்.

ஆனால் நம்பமாட்டாள். நான் கொடுத்தேன்னால் எங்க ஊரில் யாருமே நம்பமாட்டாங்க. அதனால் உங்க போன் நம்பர் ஒண்ணு வேணும். நான் அங்கேயிருந்து போடுவேன். ஆமாம்மா, சாப்பிட்டேன், நல்லா இருந்தது, வயிறு அடங்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை. உப்பு அரைப் பிடி கூடன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க. அப்பத்தான் நம்புவாள்.

வயிறு இப்ப எப்படி இருக்கு? பரவாயில்லையா? பாருங்க, பேச்சுக் கொடுத்தால் தெரியாதுன்னு சொன்னேன்ல.

திருத்துறைப்பூண்டி வந்திடுச்சு. நான் இங்கே இறங்கிக்கிறேன். மன்னார்குடிக்கு அடுத்த பஸ்ஸில் வந்துக்கிறேன். இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலே மார்க்கெட்டில் நார்த்தங்காய் வரும். அங்கேயே உப்பைப் பையில் கொட்டிக்கிட்டால் ஜாடியும் காலியாயிடும். பொண்ணுக்கு உடனே ஆகாது, ஊறணும், காயணும், நாள் பிடிக்கும். பிடிக்கட்டும். மச்சான் வீட்டு மாடியில் நல்ல வெயில். நான் நறுக்குறேன், நானே தூக்கிக்கிட்டுப் போய்க் காய வைக்கிறேன், காக்காவும் விரட்டுறேன். அவள் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கட்டும். ஊறுகிற வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். பேரப்பிள்ளை பிறக்கிறதுக்குள்ளே ஊறிடும்.

ஜாடியைக் கொஞ்சம் கொடுங்க தம்பி. மெதுவா, சிந்தாமல். உப்பு இருக்கு, காய் மட்டும் வாங்கினால் போதும்.